நாற்பது பக்க நோட்டும் ஐந்து கொரியப் பையன்களும்

உன் பதின்மூன்றாம் நாள் காரியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, உன் மகள் என்னைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தன் போனின் உறையைக் கழற்றினாள். உறைக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு படம். வெள்ளி நிறத்தில் சாயம் பூசிய முடியோடு ஒரு கொரியப் பையன்.

"இது ஒண்ணுதான் தப்பிச்சது ஆன்ட்டி. போன வருஷம் அம்மா எல்லாத்தையும் கிழிக்கச் சொன்னா. பக்கத்துல நின்னுண்டு என்னையே கிழிக்க வெச்சா."

அழுது வீங்கிய முகம். பதினைந்து வயது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பாவம், பாடம் நடத்த ஆரம்பித்தாள். "இதுக்குப் பேரு போட்டோகார்டு. பாட்டு ஆல்பம் வாங்கினா உள்ள ஒண்ணு இருக்கும், யாரோட படம் வரும்னு தெரியாது. இவன் என் பயாஸ். பயாஸ்னா, குழுவுல நமக்கு ரொம்பப் பிடிச்சவன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் பயாஸ் என்று சொன்னதற்கு, அவள் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நீ ஒரு பெயர் வைத்திருந்தாய். 'நம்மாளு.' பெற்ற மகளிடம் அதைச் சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லை. கிழிக்கச் சொல்ல மட்டும் வந்ததா?

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். அன்று கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாம் பிளஸ் ஒன். சனிக்கிழமைதோறும் லஸ் முனையில் பஸ் பிடித்து அடையாறுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போவோம். அங்கேதான் யூன்ஹீ வந்து சேர்ந்தாள். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த கார் தொழிற்சாலையில் அவள் அப்பா இன்ஜினியர். கிளாஸில் எல்லோரும் அவளைச் சீனாக்காரி என்றார்கள். நீ எழுந்து நின்று, "சீனா இல்லை, கொரியா. தெரியலைன்னா வாயை மூடிண்டு இருங்கோ" என்று கத்தினாய். கத்திய அன்றைக்கு உனக்கும் கொரியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டுக்குப் போய் அட்லஸைப் புரட்டினாய்.

முதல்முறை அவள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் வந்த தன் அப்பாவைப் பார்த்து யூன்ஹீ "அப்பா!" என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியிலும் அப்பா அப்பாதான் என்று தெரிந்ததும் நாம் இரண்டு பேரும் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அப்புறம் அவள் வீடியோ கேசட்டைப் போட்டாள். தொளதொளவென்ற கால்சட்டைகளில் ஐந்து பையன்கள். பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. நீ மூச்சு விடாமல் பார்த்தாய். முடிந்ததும், "திரும்பப் போடு" என்றாய்.

சியோலில் இருந்த அவள் சித்தி பார்சல் அனுப்புவாள். பள்ளிக்கூட வாசல் கடைகளில் விற்கும் படங்கள், பத்திரிகையின் நடுப்பக்கத்தில் மடித்து வரும் போஸ்டர்கள். இரட்டையாக வந்ததையெல்லாம் யூன்ஹீ நமக்குக் கொடுத்தாள். நீ ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'புதிதாகச் சேருபவர்களுக்கு' என்று எழுதினாய். யார் சேரப்போகிறார்கள் என்று கேட்டேன். "சேருவாடீ. ஒரு நாள் ஊரே சேரும். அப்ப நம்மகிட்டதான் வந்து கேக்கணும்" என்றாய்.

அந்த நோட்டு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஓப்பா: அண்ணா, ஆனால் அண்ணா மாதிரி இல்லை. வனவாசம்: ஒரு பாட்டுத் தொகுப்பு முடிந்து குழு காணாமல் போகும் காலம். பட்டாபிஷேகம்: புதுத் தொகுப்போடு திரும்பி வருவது. உன் மகள் இதைத்தான் 'கம்பேக்' என்கிறாள். படத்தைப் பசை போட்டு ஒட்டாதே, பின்பக்கம் பாழாகும். அட்டையில் நான்கு மூலைக்கும் கீறல் போட்டுச் செருகு. ஓரத்தைப் பிடித்து எடு. நம்மாளை ஒரே ஒரு தடவைதான் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் மாற்றுகிறவளை நம்பாதே.

நம்மாள்களில் என்னுடையவன் பின்வரிசையில் ஆடுகிறவன். நீ கேலி செய்வாய்.

பிளஸ் டூ தொடங்கியபோது யூன்ஹீயின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது என்னவனின் படம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். பின்னால் என் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அதையும் நாம் படங்களைச் செருகி வைத்த ஆல்பத்தில்தான் வைத்தேன். ஆல்பம் உன் வீட்டில் இருந்தது.

அரையாண்டுத் தேர்வு மார்க் வந்த வாரம், பிசிக்ஸ் நோட்டைத் திருப்பிக் கொடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜைமேல் ஆல்பமும் உன் நாற்பது பக்க நோட்டும் கிடந்தன. உன் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"பரீட்சைய வெச்சுண்டு என்ன கூத்து இது? யாரோடது?"

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "என்னோடது இல்லப்பா, சத்தியமா. எல்லாம் இவளோடது. வெச்சுக்கோன்னு குடுத்தா."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? அப்ப நீயே கிழிச்சுப் போட்டுட்டுப் போ."

அவர் கை நோட்டின் பக்கம் போனது. உள்ளே இருந்தது முழுக்க உன் கையெழுத்து. திறந்தால் தீர்ந்தது. அவர் திறப்பதற்குள் நான் அதை எடுத்து நடுவில் கிழித்தேன். பிறகு நாலாக, எட்டாக. அதற்கப்புறம் ஆல்பம். என் பெயர் எழுதிய படமும் அதில் போயிற்று. நீ சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அப்பா என் அப்பாவுக்குப் போன் செய்தார். என் கம்ப்யூட்டர் கிளாஸ் நின்றது. என் அப்பா என்னை அடிக்கவில்லை, பொதுத்தேர்வு முடியும்வரை என்னோடு பேசவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் நீ டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "எங்கப்பா உன்ன அடிக்க மாட்டார். என்னைன்னா தோலை உரிச்சிருப்பார். அதான்" என்றாய். உன் அப்பாவின் கையை எனக்கும் தெரியும். உன் பயம் பொய்யில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'மன்னிச்சுக்கோடீ', அதற்குமா பயம்?

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து தி. நகர் பட்டுக்கடையில் பார்த்துக்கொண்டோம். யூன்ஹீயை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு, அந்தச் சீனாக்காரியா?" என்றாய். அங்கேயே உன்னை அறைந்திருக்க வேண்டும். முந்தானை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி மாதம் நான்கு தடவை வந்தேன். நான்காவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டாய். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தது வந்துவிட்டது. நீ சொன்னாய்: "என் பொண்ணு எப்பப் பாரு அந்தக் கொரியாக்காரன்களையே பாத்துண்டிருக்கா. நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் கண்டிச்சு வை."

சரி என்று தலையாட்டினேன். சாகப்போகிறவளிடம் வேறென்ன செய்ய?

நான் கண்டிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டிவாக்கத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். உன் நோட்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். "அம்மாவா? எங்கம்மாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வனவாசம், பட்டாபிஷேகம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பிலேயே அழுதாள்.

"அந்த நோட்டு எங்க ஆன்ட்டி?"

"கிழிஞ்சுபோச்சு."

"யாரு கிழிச்சா?"

சொல்லியிருக்கலாம். முழுதும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவளுக்கு அப்போதுதான் ஒரு புது அம்மா கிடைத்திருந்தாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"நான்தான்," என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "எங்கம்மா கையால எழுதினது. எப்படி மனசு வந்தது உங்களுக்கு?" செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

உன் மகளின் கோபத்தை நான் வாங்கிக்கொண்டேன். என்னுடையதை வாங்கிக்கொள்ளத்தான் நீ இல்லை.