‘பொய்’ என்ற சொல்

அன்புள்ள அப்பாவுக்கு, கீதாஞ்சலி வணக்கத்துடன் எழுதுவது. கிரிவலப் பாதைக் கடையில் பௌர்ணமிக்கு நின்று நின்று முழங்கால் வலி கூடியிருக்குமே? அம்மாவுக்குச் சளி விட்டதா? டெல்லியில் நான் நலமே.

போன வாரம் நாடாளுமன்றக் குழு ஒன்று குடிநீர்த் திட்டத்தை விசாரித்தது. நம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து திரௌபதி என்ற அம்மாள் சாட்சி சொல்ல வந்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். எல்லா வீட்டிலும் தண்ணீர் வருவதாக அதிகாரி சொன்னதும், "அது பொய்ங்க. குழாய் இருக்குது, காத்துதான் வருது" என்றார் அவர். அத்தனை பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் கூசியது. ‘பொய்’ என்பதை ‘சரியான தகவல் அல்ல’ என்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னத அப்படியே சொன்னியாம்மா?"

"சொல்லிட்டேங்க" என்றேன்.

அன்றிலிருந்து எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. நேற்று குழுவின் செயலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பதிவைத் திருத்திவிட்டார்கள். இனி அந்தக் குழுவுக்கு என்னை அழைப்பார்களா தெரியவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

யாராவது டெல்லி வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள்; இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் நம்மூர் ருசி இல்லை. விஷயம் இல்லாவிட்டாலும் ஞாயிறன்று போன் செய்யுங்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது. திரௌபதி அம்மாளின் முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒரு நடை போய், அன்று நான் அப்படியே சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
கீதாஞ்சலி