பிராக்குப் பாராமல் வா

என் அன்பு அக்காவுக்கு,

நீ கண்மூடியபின் முதல் தடவையாக உன் மகள் லண்டனிலிருந்து வந்திருக்கிறாள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருவரும் தங்கியிருக்கிறோம். கோயிலும் வேண்டாமாம், கடைத்தெருவும் வேண்டாமாம். "அம்மா நடந்து திரிஞ்ச கொழும்பைக் காட்டுங்கோ சித்தி" என்கிறாள். நீ அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லையா?

இன்று கோட்டைப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். பழைய கட்டிடம் ஒவ்வொன்றின் முன்னும் அண்ணாந்தபடி நின்றுவிடுகிறாள். எனக்கோ கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தூணைப் பார் என்று அவள் காட்டினால் என் கண் சந்தி முனைக்கு ஓடுகிறது. கடைசியில் அவள் கையைப் பிடித்து இழுத்தேவிட்டேன்.

"பிராக்குப் பாராமல் வா பிள்ளை!"

"சித்தி, பிராக்குப் பார்க்கத்தானே வந்தனாங்கள்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாயில் வந்தது உன் குரல், அக்கா. சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து டைப்பிங் வகுப்புக்கு இந்த வழியால் வரும்போதெல்லாம், என் மணிக்கட்டை விடாமல் நீ சொன்ன வார்த்தை. நின்றால் சந்தியில் நிற்கும் ஆமிக்காரரிடமிருந்து கேள்வி வரும். கேள்வி வந்தால் பின்னேரம் வீடு திரும்புவோமோ தெரியாது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு இளம் பொலிஸ்காரர் எங்களை நோக்கி வந்தார். அவர் வாய் திறக்க முன்னமே அடையாள அட்டையை நீட்டிவிட்டேன்.

"மே மொகடத, அன்ரி?"

இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்கிறார், பாவம். வெயிலில் நிற்காமல் நிழலுக்குப் போகச் சொல்லத்தான் வந்தாராம். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நிழலுக்குப் போனதும் உன் மகள் கேட்டாள்.

"இதில அம்மாவுக்கு எந்த பில்டிங் விருப்பம்?"

"தெரியாது பிள்ளை. கொம்மா ஒண்டையும் நிமிர்ந்து பார்த்ததில்லை."

"ஒவ்வொரு நாளும் வந்தவா. அப்ப என்னத்தைப் பார்த்தவா?"

"என்னைத்தான்."

அவள் ஒரு அடி கிட்ட வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நீ பிடிக்கும் அதே இடத்தில். நடுத்தெருவில் அழுதுவிட்டேன்.

நாளைக்கு நூதனசாலை, பழம்பொருட்கள் பார்க்க. அங்கேயும் கால் பறக்கும், தெரியும். ஆனாலும் அவள் போதும் என்று சொல்லும்வரை நிற்பேன். வாயைப் பிளந்துகொண்டு, உனக்கும் சேர்த்து, ஆசை தீரப் பிராக்குப் பார்ப்பேன். இந்த முறை நீ இழுக்காதே.

உன் கைப்பிடியிலேயே வீடு வந்து சேர்ந்த
தங்கச்சி