உன் மாமியார் தைத்த பேன்ட்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், உன் மாமியார் சுகத்தைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை, நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான், கடையில் எனக்குத் துணி வெட்டப் புது மேஜை போட்டிருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். புது வேலைக்கென்று நான் தைத்து அனுப்பிய சாம்பல் நிறப் பேன்ட் அலமாரியில் கிடக்க, முதல் நாளே மாமியார் தைத்ததைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், இடுப்பில் சுருக்கம் இல்லை, பின்பக்கச் சீட்டில் இழுப்பு இல்லை, எப்படித் தேடியும் பட்டன் நிறத்தில்தான் குறை கிடைத்தது. "சம்பந்தியம்மா கைராசிக்காரங்கதான்" என்றார் அப்பா, அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

நான் வெட்டியது உன் கல்யாணத்துக்கு முந்தைய அளவில், பெற்றவளுக்குத் தெரியாத அளவா என்ற திமிர். அவர்களோ உன் இடுப்பில் நாடா கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சீட்டின் ஆழம் பார்க்க நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்து, பிறகு நிற்க வைத்து இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார்களாம். "இடது கால் அரை இன்ச் கம்மிம்மா, அத்தைதான் கண்டுபிடிச்சாங்க" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் கடையில் வலது காலைத்தான் அளப்போம், இடதுக்கும் அதையே எழுதிக்கொள்வோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உன் பேன்ட்டில் இடது ஓரம் மட்டும் தரையில் தேய்ந்து கிழியும், நேராக நில், நேராக நட என்று எத்தனை வருஷம் திட்டினேன், ஒரு தடவை முதுகில் ஒன்று வைத்தும் இருக்கிறேன். நீ நேராகத்தான் நின்றிருக்கிறாய். கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, நேற்று வந்த அந்த அம்மாளுக்கு ஒரே தடவையில் தெரிந்திருக்கிறது.

சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அடுத்த பேன்ட்டுக்கு அளவெடுக்க டேப்பை அவர்களிடமே கொடு. சாப்பிட்டவுடன் அளக்க வேண்டாம், அளக்கும்போது குனிந்து பார்க்காதே, அளவு மாறிவிடும். இரண்டு காலுக்கும் எழுதி அனுப்பு, தையலை மட்டும் எனக்கு விட்டுவைக்கச் சொல்.

வேலையில் பேரெடுத்து நன்றாக இரு கண்ணு. இந்தக் கடிதம் உன் மாமியார் கண்ணில் பட வேண்டாம். கால் வலித்தால் முதலில் எனக்குச் சொல், அப்புறம் அவர்களுக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா