மூச்சு வாங்கும் இடமெல்லாம் கமா இல்லை

இன்று காலை திண்டிவனம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். அந்த 'உஸ்' சத்தம் கேட்டதும் நீதான் என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது.

விழுப்புரத்தில் ஒரே வார்டில் நாம் இருவரும் நர்ஸ். ஞாயிறுதோறும் திண்டிவனத்தில் ஆங்கிலப் பயிற்சி. வெளிநாட்டு வேலைக்கான தேர்வில், நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்பும் கடிதம் ஒன்றை எழுத வேண்டும். அதில்தான் நான் தோற்றேன். என் வாக்கியங்களில் எந்த மருந்து எந்த நோய்க்கு என்று எனக்கே புரியாது.

வாய்விட்டுப் படித்து, மூச்சு விடுகிற இடத்தில் கமா போடுங்கள் என்பார் பயிற்சி சார். வகுப்பே தலையாட்டும். திரும்பும் பஸ்ஸில் நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். சிரித்ததற்கே உனக்கு இழுத்தது.

"எனக்கு ரெண்டு வார்த்தைக்கு ஒரு தபா எரைக்குது. அங்கெல்லாம் கமா போட்டா படிக்கிறவங்க பேஜாராயிடுவாங்கடி. அர்த்தம் எங்க பிரியுதோ அங்க போடு."

'காய்ச்சல் இறங்கிய பிறகு' என்று ஆங்கிலத்தில் தொடங்கினால், அந்தத் துண்டு முடிந்ததும் ஒரு கமா. அப்புறம்தான் நோயாளி வருவார். மருந்துகளை அடுக்கினால் நடுநடுவே ஒன்று. நோயாளிக்கும் அவர் செய்த காரியத்துக்கும் இடையில் மட்டும் கூடவே கூடாது. முண்டியம்பாக்கம் வருவதற்குள் என் தாளில் பாதி கமாக்களை நீ அடித்திருப்பாய்.

போன மழைக்காலத்தில் உன்னை நம் வார்டிலேயே சேர்த்தோம். உன் நாடியை நான் பிடித்திருந்தபோதே போய்விட்டாய். அதன்பிறகு எழுதிய தேர்விலும் தோற்றேன். போதும், இங்கேயே இருந்துவிடு என்கிறார் அண்ணன். மாட்டேன். நாம் சேர்ந்து கிளம்பிய காரியம் இது.

இன்று புது மாணவர்களுக்கும், மூச்சு விடுகிற இடத்தில் கமா என்றே சார் போர்டில் எழுதினார். வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்தேன்.

"மூச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லீங்க சார். அர்த்தத்தப் பாத்துதான் போடணும்."

யாரோ சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. சார் கொஞ்சம் யோசித்தார். எழுதியதை அழித்துவிட்டு சாக்பீஸை என்னிடம் நீட்டினார். ஒரு கடிதம் முழுக்கக் கமா போட்டுக் காட்டினேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அடுத்த வாரம் தேர்வு. எழுதி முடித்ததும் கடிதத்தை மனதுக்குள் ஒருமுறை உன்னைப்போல் படிப்பேன், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கி. அப்படிப் படித்தும் அர்த்தம் உடையாமல் நின்றால்தான் பேப்பரைக் கொடுப்பேன்.