கறக்காத மாடு

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? எண்ணெய் தடவிக்கொள்கிறீர்களா, இல்லை வழக்கம்போல் அம்மாவை ஏய்க்கிறீர்களா? நான் சௌக்கியம். சோறு வேளைக்கு வருகிறது, காலுறைதான் கிழிந்துவிட்டது.

என் பக்கத்துப் படுக்கைக்காரன், நாங்கள் பால்காரன் என்று கூப்பிடுகிறவன், நம்மைப் போல மாட்டோடு வளர்ந்தவன். துப்பாக்கி துடைக்கும்போதுகூட, "எங்க வீட்டுச் செவலை என்னைத் தவிர யாரையும் மடியில கை வைக்க விடாது" என்று பீற்றிக்கொள்வான். "பேசாம அதையே கட்டிக்கோ" என்று சிரிப்போம்.

எங்கள் பதுங்குகுழிக்கு எதிரே, வயல் நடுவில் ஒரு வீடு. ஆட்கள் ஓடிய அவசரத்தில் மாட்டை அவிழ்த்துவிடவில்லை. இரண்டு நாளாகக் கறக்காமல் மடி வீங்கிக் கத்திக்கொண்டே இருந்தது. நேற்றுக் காலை அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பீச்சு பீச்சிட்டு வந்துடறேன்டா."

சட்டையைப் பிடித்தேன். பொத்தான்தான் கையில் வந்தது. பாதி வயல்கூடத் தாண்டவில்லை, சுட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதை விட்டுவிடுங்கள். சண்டை வெகு தூரத்தில் நடக்கிறது என்றே சொல்லுங்கள்.

அவன் அப்பாவுக்கு எழுதும் வேலையை அதிகாரி என் தலையில் கட்டிவிட்டார். மாட்டுக்காகப் போனான் என்றா எழுதுவது? உங்களுக்கு எப்படி எழுதினால் தாங்குவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காலுறையும் அனுப்புங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. மாடு இன்னும் கத்துகிறது. நான் போகமாட்டேன், அப்பா.