பெட்டகத்துக்கு ஓர் அட்டை

1997 மார்ச் 4

நூதனசாலைக்குப் போனேன். நான் கொடுத்த பெட்டகம் இன்னும் நடையிலேயே கிடக்கிறது. காவல்காரன் அதன்மேல் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துத் தின்கிறான். முதிரை மரத்துப் பெட்டகம்! நிரந்தரக் காட்சிக்கூடத்தில் வைப்பதாகச் சொல்லித்தானே வாங்கினார்கள்?

பொறுப்பாளர் மஜீட் மாஸ்டர் அண்ணன் முறை வைத்துச் சொல்கிறார்: "காக்கா, அது றாத்தாட சீதனமெல்லோ? அவ ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே உள்ளுக்கு வெக்கிறம்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதன்மேல் படுத்தவன் நான். சொல்ல வேண்டியது என் மனைவி நஸீறாவா?

மார்ச் 5

நஸீறா முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அவள் ஆஸ்பத்திரியில் நின்ற நேரம் பார்த்துக் கொடுத்துவிட்டேனாம்.

"அடுத்ததா என்னயும் வண்டில்ல ஏத்திக் கொண்டு போய் வைங்க. நானும் பழசுதானே."

மார்ச் 19

நூதனசாலைக்குப் போகும் வழியில் காரைதீவுச் சாவடியில் செக்கிங். பஸ்ஸால் இறங்கி வெயிலில் நின்று, மறுபடி ஏறிப் போனேன். கூடத்துக்குள்ளே படங்களும் பெயர்களும். எல்லாம் படித்த மனிதர். எழுத்தைத் தானாகவே படித்தவன் பெயர் ஒன்று அங்கே இருந்தால் என்ன? வயல் அவளுடைய பெயரில். நான் கட்டிய வீடு மகள் றினோஸாவின் பெயரில். ஊர் வழக்கம் அது, குறை சொல்லவில்லை. "அன்பளிப்பு: மீராமுகைதீன்" என்று ஓர் அட்டை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மார்ச் 20

கேட்க மாட்டேன். அவளிடம் போய்க் கேட்கவே மாட்டேன்.

ஏப்ரல் 2

மஜீட் வழியில் மறித்தார். கூடம் திறக்க நாள் வைத்தாயிற்றாம். "றாத்தாக்கு விருப்பமில்லாட்டி பெட்டகத்தத் திருப்பி அனுப்புறம் காக்கா. பொம்புளட சாமான், எங்களுக்கு ஏன் பொல்லாப்பு?"

திருப்பி அனுப்புவதா! கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்க?

ஏப்ரல் 9

கேட்டேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓம், குடுங்க."

"இவ்வளவுதானா?"

"அண்டைக்கே கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். நீங்க எங்க கேட்டீங்க?"

இத்தனை நாளும் பஸ்ஸுக்கு அலைந்தது, மஜீடோடு மல்லுக்கட்டியது — எல்லாம் எதற்கு? ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை.

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: "எங்கட உம்மா கலந்தரும்மாட பேரப் போடச் சொல்லுங்க. அவட சீதனந்தானே எனக்கு வந்தது."

ஏப்ரல் 12

பெட்டகம் கூடத்துக்குள் போய்விட்டது, நடுச்சுவரோரம். நல்ல இடம்தான். காவல்காரனுக்கு இனிக் கிட்டவும் வர முடியாது.

மஜீட் வெள்ளை அட்டையை நீட்டினார். "உங்கட எழுத்து வடிவு. நீங்களே எழுதுங்க காக்கா."

எழுதினேன்.

பெட்டகம். கலந்தரும்மாவின் சீதனம்.
அன்பளிப்பு: மகள் நஸீறா.

கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது. மஜீட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பேனையை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.