ஒரு மாதிரியான விண்மீன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உன்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் நீயே சிரிப்பாய்.

இன்று பாடசாலைக் கணினி அறையில், எழுத்துப்பிழையை மறைக்கும் வெள்ளை மைப் போத்தலை மிஸ் நம் வரைபுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறந்ததும் உன் ஞாபகம் முகத்தில் அடித்தது. பாடம் நடக்கும்போதே அதை நகத்துக்குப் பூசிக்கொண்டிருப்பாயே, அதே மணம்.

"நாளைக்குக் கண்காட்சி. அந்த ஒரு புள்ளிய அழிச்சிரு மகள். மற்றதெல்லாம் நேர்கோட்டில வருது."

அது நீ கண்டுபிடித்த புள்ளி. ஒரே விண்மீன் கூட்டத்தை மூன்று வண்ண வடிகட்டிகள் வழியே எடுத்து இணையத்தில் போட்டிருந்த படங்களை நாம் இருவரும் அளந்தோம். நடுவிலுள்ள பச்சை ஒளியை இருபக்கத்து ஒளிகளோடும் ஒப்பிட வேண்டும். ஒரு விண்மீனுக்கு மட்டும் பச்சை குறைந்தது. பிழையென்று நான் அப்போதே அழிக்கப் போனேன். "அளக்காம அழிக்காதகா" என்று வழமைபோல ஒரு 'கா' போட்டுக் கையைத் தட்டிவிட்டாய். பிறகுதான் வாசித்தோம்: சில விண்மீன்களின் மேற்பரப்பில் குரோமியம், இரும்பு போன்றவை வழமைக்கு மேல் சேர்ந்து அந்த ஒளியைக் குடித்துவிடுமாம்.

"இது ஒரு மாதிரியான நட்சத்திரம் புள்ள" என்றாய்.

வகுப்பில் உன்னையும் அப்படித்தான் சொன்னார்கள். குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். சோற்றுப் பார்சலைப் பிரித்தாலும் வானத்துக் கதைதான். "அவள் ஒரு மாதிரி" என்று காதுபடச் சொன்னவளிடம் திரும்பினாய். "ஓம்கா, நான் மாதிரிதான். பாத்து எழுதிப் பழகு." சொன்னவளும் சிரித்துவிட்டாள்.

மாரிமழைக் காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. வரைபில் உன் கையால் வைத்தது அந்த ஒரு புள்ளிதான் மிச்சம்.

அன்புக்காக ஒரு பிழையைக் காப்பாற்ற நீயே விடமாட்டாய். அதனால் மிஸ்ஸுக்கு முன்னாலேயே மறுபடி அளந்தேன். அதே படத்தில் பக்கத்து விண்மீன்கள் சரியாக வந்தன. வேறொரு நாள் எடுத்த படங்களிலும் உன்னுடையது அதே அளவு தள்ளியே நின்றது.

"அழிக்கமாட்டன் மிஸ்."

"நடுவர் பிழையெண்டு சொன்னா?"

"அவரையும் அளந்து பாக்கச் சொல்லுவன்."

"நடுவர் போடுற புள்ளி குறைஞ்சா என்னட்ட வந்து அழக் கூடா."

"இந்தப் புள்ளி குறையாது மிஸ்."

சிவப்பு மையால் அதைச் சுற்றி வட்டமிட்டு உன் பெயரை எழுதினேன். போத்தலில் கிடந்த வெள்ளை மையை என் பத்து நகங்களுக்கும் பூசினேன். அழிக்க இனி ஒரு சொட்டும் இல்லை.

மிஸ் என் கைகளைப் பார்த்தார். "நீயும் ஒரு மாதிரித்தான்."

"ஓம் மிஸ்."

வரைபைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் மிஸ் விளக்குகளை அணைத்தார்.